குறிகள் பொருந்தினால் போதுமா? டர்போ எஞ்சினில் வேறு கேம் மாட்டுவது பற்றி

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் புரோட்டான் வீரா காரில், மிட்சுபிஷி லான்சர் எவோ 3-இன் ஹாஃப்கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி விற்ற பழைய வண்டியிலிருந்து, எடுத்த 4ஜி63 டர்போ எஞ்சின் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான 272 டிகிரி கேம்ஷாஃப்ட் ஜோடியும், திருப்பி அமைக்கக்கூடிய கேம் கியர்களும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். டர்போவும் வால்வு ஸ்பிரிங்குகளும் எஞ்சினோடு வந்தவையே. கியர்களில் உள்ள குறிகளை நேர்ப்படுத்திப் பெல்ட்டை மாட்டிவிட்டால் போதுமா, கிராங்கில் மாட்டும் டிகிரி வீல் என்ற கோணமானி வட்டை வைத்து அளக்கச் சொல்வது வீண் வேலையா, ஸ்பிரிங்கை மாற்றாமல் விடலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: இந்த 272 கேம் இந்த டர்போவுக்கு ஏற்றதுதானா? எஞ்சின் தலைகளையும் கேம்களையும் கழற்றி மாட்டுவதே தொழிலாக இருந்துவருபவன் என்ற முறையில், எது உறுதி, எது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், போதாது என்பதுதான். கியரில் உள்ள குறி, கியரின் பல் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே காட்டும். வால்வு எப்போது முழுதாகத் திறக்கிறது என்பதை அது காட்டாது. கேமில் வால்வை அமுக்கும் மேடான லோபுக்கும், பிஸ்டன்களோடு இணைந்த கிராங்குக்கும் இடையே, கேம் முனையில் கியரை நிலைநிறுத்தும் டவல் பின், கியரின் துளை, திருப்பக்கூடிய கியரின் பூஜ்யக் கோடு, பெல்ட், கிராங்க் கியரின் சாவி என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி விலகினாலும் கூட்டுத்தொகை கணிசமாகிவிடும். ஹாஃப்கட் எஞ்சின் என்பதால் இதற்கு முன் தலையை எத்தனை முறை தளம் சீவினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தலையையோ பிளாக்கையோ சீவினால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையிலான தூரம் குறைகிறது. பெல்ட்டின் இழுபடும் பக்கத்தில் பல்லெண்ணிக்கை மாறாமல் தூரம் மட்டும் குறைவதால், குறிகள் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் கேம் இரண்டும் சற்றே பின்தங்கிவிடும். திருப்பக்கூடிய கியர்களை விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதை வாங்கிவிட்டு அளக்காமல் பூஜ்யத்தில் பூட்டி வைப்பதென்றால், பழைய கியரே போதுமாயிருந்திருக்கும்.

அடுத்து, 272 என்ற எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். அது வால்வு திறந்திருக்கும் காலத்தைக் கிராங்க் டிகிரியில் சொல்வது. ஆனால் எவ்வளவு லிஃப்டில், அதாவது வால்வு எவ்வளவு திறந்த நிலையில், தொடங்கி எவ்வளவு லிஃப்டில் முடித்து அளந்தார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒருவர் வால்வு கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்ததிலிருந்தே எண்ணுவார், இன்னொருவர் சற்று மேலே தொடங்குவார். ஆகவே இருவரின் 272 ஒன்றல்ல. ஒப்பிடத் தகுந்தது, கேமோடு வரும் அட்டையில் 1 மி.மீ. லிஃப்டில் அல்லது 1.27 மி.மீ. லிஃப்டில் குறித்திருக்கும் டிகிரிதான். அந்த அட்டை இல்லாமல் கேம் வந்திருந்தால் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். அட்டை இல்லாத கேமை அளக்க முடியும். அளந்ததை எதனோடு ஒப்பிடுவது என்பதுதான் பிறகு தெரியாமல் போகும்.

டர்போ எஞ்சினில் கேமின் நீளத்தைவிட ஓவர்லாப் முக்கியம், அதாவது எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடும் அந்த இடைவெளி. இரண்டு கேமும் 272, லோப் மையங்கள், அதாவது பிஸ்டன் ஏறி நிற்கும் மேலுச்சத்திலிருந்து வால்வு முழுதாகத் திறக்கும் இடம்வரை உள்ள தூரம், இரண்டும் 110 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 272-இலிருந்து 220-ஐக் கழித்து 52 டிகிரி ஓவர்லாப் வருகிறது. 256 டிகிரி கேமை 112-இல் வைத்தால் 32 டிகிரிதான். அந்தக் கணத்தில் காற்று எந்தப் பக்கம் ஓடும் என்பதை இருபுற அழுத்தங்கள்தாம் தீர்மானிக்கின்றன. டர்பைன் வீடு சிறியதாக இருந்தால், உச்ச வேகத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம் பூஸ்ட்டைவிட, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைவிட, மிக அதிகமாகிவிடும். அப்போது ஓவர்லாப் நேரத்தில் எரிந்த வாயு சிலிண்டருக்குள்ளும் இன்டேக் குழாய்க்குள்ளும் திரும்பி வருகிறது; புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது, கலவை சூடாகிறது, அது தானே வெடிக்கும் நாக்கிங் நெருங்குகிறது. பெரிய டர்பைனில் இரு அழுத்தங்களும் ஏறத்தாழ சமமாக நிற்கும்போது அதே ஓவர்லாப் நன்மை செய்கிறது. டர்போவுக்கு ஓவர்லாப்பே கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது, சிறிய டர்பைன்களை மட்டுமே பார்த்த காலத்தில் பிறந்த பாதி உண்மை.

எவோ 3-இல் வந்த டிடி05எச் 16ஜி வகை டர்போ சீக்கிரம் சுழன்று எழுவதற்காக அமைந்தது. மேல் வேகத்தில் அதற்கு மூச்சு முட்டும். 272 கேம் எஞ்சினின் பலத்தை நகர்த்துவதும் அந்த மேல் வேகத்துக்குத்தான். ஆகவே டர்போவை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் 256 முதல் 264 வரையிலான ஜோடியே பொருத்தம் என்பது என் கருத்து. கருத்துதான், கணக்கு அல்ல. மேனிஃபோல்ட், எக்ஸாஸ்ட் குழாய், எரிபொருள் ஆகியவற்றைப் பொறுத்து விளைவு மாறும். கேமைத் திருப்பிக் கொடுக்க வழியில்லையென்றால், லோப் மையங்களைச் சற்று விரித்து, அதாவது இன்டேக்கைக் கொஞ்சம் பின்தள்ளி எக்ஸாஸ்ட்டைக் கொஞ்சம் முன்தள்ளி, ஓவர்லாப்பைக் குறைத்து ஓட்டலாம். கியர்கள் உங்களிடம் இருப்பது இதற்கு உதவும்.

ஸ்பிரிங் விஷயத்தில் தயக்கமே வேண்டாம், மாற்றுங்கள். பழைய ஸ்பிரிங்குக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வயது, அதன் இறுக்கம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளக்காமல் சொல்ல இயலாது. புதுக் கேம் அதிக லிஃப்ட் கொண்டது. மூடும் பக்கத்தின் சரிவும் செங்குத்தானது. இவற்றோடு பூஸ்ட்டும் சேர்கிறது. இந்த எஞ்சினின் இன்டேக் வால்வு 34 மி.மீ. விட்டம் கொண்டது, பரப்பு சுமார் 9 சதுர செ.மீ.; 1.5 பார் பூஸ்ட் அதன் முதுகில் ஏறத்தாழ 14 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. இந்த எண்ணை அப்படியே ஸ்பிரிங்கின் இறுக்கத்திலிருந்து கழித்துவிடக் கூடாது, ஏனெனில் வால்வின் மறுபுறம் சிலிண்டருக்குள்ளும் ஓர் அழுத்தம் இருக்கிறது. ஆனால் மூடும் வால்வு தன் சீட்டில் மோதித் துள்ளும் கணத்தில் பூஸ்ட் அதன் எதிரிதான் என்பதில் ஐயமில்லை. எக்ஸாஸ்ட் வால்வுக்கு மேனிஃபோல்டின் பின்னழுத்தம் அதே வேலையைச் செய்கிறது. புது ஸ்பிரிங்கைப் பொருத்தும் உயரத்தை அளந்து, அந்த உயரத்திலிருந்து கேமின் முழு லிஃப்டைக் கழித்தபின், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் குறைந்தது 1 முதல் 1.5 மி.மீ. மீதம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னரின் அடிப்பகுதிக்கும் வால்வு சீலுக்கும் நடுவிலும் அதே அளவு வேண்டும். இதைப் பார்க்க மறப்பவர்கள் அதிகம், சீல் உடைந்து எண்ணெய்ப் புகை வந்தபின்தான் தெரியும்.

இனி மாட்டும் வேலை. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும் என்பது தெரிந்ததே. பெல்ட் இல்லாத நேரத்தில் கேமைத் திருப்பினாலும் அதே ஆபத்துதான். பெல்ட்டைக் கழற்றும் முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலுச்சத்தில் நிறுத்திக் குறிகளைப் பார்த்து வையுங்கள். பிறகு கேம்களைத் தனியாகத் திருப்பும் வேலை வரும்போதெல்லாம் கிராங்கை அங்கிருந்து கால் சுற்று நகர்த்திவிடுங்கள். 90 டிகிரியில் நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுவாக்கில் நிற்பதால் எந்த வால்வும் தொடாது. இன்னொன்று: இந்தத் தலையில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் அதிகம் இறங்கினால் ஒன்றோடொன்றே இடித்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே ஒரு கேமைத் திருப்பும்போது மற்றதன் டவல் பின் மேல்நோக்கி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேம் மூடிகளின் போல்ட்டுகளை வெளியிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் ஸ்பிரிங்கின் தள்ளுதல் ஒரு பக்கமாகக் குவிந்து கேம் முறியலாம், அலுமினிய மூடியும் விரிசல் விடலாம். மாட்டும்போது நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றுகளாக, முடிவில் 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. கேம் கியர் போல்ட் 88 நியூட்டன் மீட்டர். கேமின் அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் பிடித்து இறுக்குங்கள், பெல்ட்டைத் தாங்கலாக நம்பி இறுக்க வேண்டாம். மூடிகளிலுள்ள எண்களும் அம்புகளும் மாறக் கூடாது, ஏனெனில் அவை அந்தத் தலையோடு சேர்த்துக் கடைந்தவை. கேமுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள ராக்கர்களை வைக்கும் முன் புதுக் கேமை மட்டும் வைத்து மூடிகளை இறுக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். விரலுக்கே சுழல வேண்டும். எங்காவது பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். கேம் வளைந்திருக்கலாம், மூடி மாறியிருக்கலாம், படுகையில் துகள் இருக்கலாம்.

இந்த எஞ்சினில் ராக்கரின் தொடுபகுதி உருளை. அதனால் தட்டையான டேப்பட் கொண்ட எஞ்சின்களுக்குச் சொல்வதுபோல் முதல் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்திலேயே ஓட்டிக் கேமைப் பழக்கும் கட்டாயம் இல்லை. லோபுகளுக்கு அசெம்பிளி கிரீஸும் படுகைகளுக்கு நல்ல எண்ணெயும் போதும். எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியை நிரப்பும் ஹைட்ராலிக் டேப்பட்டுகளை மட்டும் கழற்றி டீசலில் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள்.

பெல்ட் போடும் இடத்தில் 4ஜி63-க்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. எண்ணெய்ப் பம்ப்பின் கியர், அதிர்வைக் குறைக்கும் ஒரு பாலன்ஸ் ஷாஃப்ட்டையும் சுழற்றுகிறது. அதன் குறி நேராக நின்றாலும் ஷாஃப்ட் தலைகீழாக இருக்க வாய்ப்புண்டு. பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள பிளக்கைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரை நுழைத்தால் 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் போக வேண்டும். 20, 25 மி.மீ.-இலேயே முட்டினால் கியரை ஒரு முழுச் சுற்று திருப்பி மீண்டும் பாருங்கள். பாலன்ஸ் ஷாஃப்ட்டை முன்பே யாராவது நீக்கியிருந்தால் இந்தச் சோதனைக்கு வேலை இல்லை. பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனரை அமைத்தபின் கிராங்கை ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றி, கால் மணி நேரம் விட்டு, டென்ஷனர் தண்டு 3.8 முதல் 4.5 மி.மீ. வரை நீண்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும். வேலை முடிந்தபின் வரும் பெல்ட் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கால் மணியைப் பொறுக்காதவர்களுக்கே வருகின்றன.

இப்போது அளவு. இதற்கு டிகிரி வீல், காந்தக் கால் கொண்ட டயல் கேஜ், ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டும் பிஸ்டன் ஸ்டாப்பர், விரலால் அமுக்கக்கூடிய மென்மையான சோதனை ஸ்பிரிங்குகள் ஆகியவை வேண்டும். ஹைட்ராலிக் டேப்பட்டை வைத்துக்கொண்டு அளந்தால் அது அளக்கும்போதே அமுங்கிப் பொய் சொல்லும். ஆகவே முதல் சிலிண்டருக்கு மட்டும் பழைய டேப்பட்டுகளைப் பிரித்து உள்ளே வாஷர் அடுக்கி அமுங்காதபடி செய்துகொண்டு, உண்மையான ஸ்பிரிங்குகளின் இடத்தில் சோதனை ஸ்பிரிங்குகளைப் போடுங்கள். தலையைக் கழற்ற வேண்டியதில்லை. பிஸ்டன் மேலுச்சத்தில் இருக்கும்போது வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடாது.

மேலுச்சத்தைக் கண்ணாலோ டயல் கேஜாலோ தேடாதீர்கள். அந்த இடத்தில் கிராங்க் பல டிகிரி நகர்ந்தாலும் பிஸ்டன் நகர்வதே தெரியாது. ஸ்டாப்பரை மாட்டி, ஒரு திசையில் மெதுவாகச் சுற்றி அது தட்டும் இடத்தின் எண்ணைக் குறித்து, எதிர்த் திசையில் சுற்றி மீண்டும் தட்டும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் சரிநடுவில் இருப்பதே மேலுச்சம். வீலின் பூஜ்யத்தை அங்கே வையுங்கள். பிறகு ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு, கேஜின் முனையை இன்டேக் வால்வின் ரிடெய்னர் மேல், வால்வு நகரும் திசைக்கு இணையாக வையுங்கள். லோபின் மேல் வைத்து அளந்தால் ராக்கர் விகிதம் கணக்கில் வராது.

வால்வு முழுதாக இறங்கிய இடத்தைக் கேஜில் பூஜ்யமாக்கி, கிராங்கை ஓடும் திசையில் சுற்றிவந்து, உச்சத்துக்கு 1 மி.மீ. முன்னால் இருக்கும் டிகிரியையும், உச்சத்தைக் கடந்து 1 மி.மீ. ஏறியபின் வரும் டிகிரியையும் குறியுங்கள். எடுத்துக்காட்டாக 84, 140 என்று வந்தால் மையம் 112 டிகிரி. அட்டையில் 110 என்றிருந்தால் உங்கள் இன்டேக் கேம் கிராங்க் கணக்கில் 2 டிகிரி பின்தங்கியிருக்கிறது. கேம் கணக்கில் 1 டிகிரி. கியரிலுள்ள கோடுகள் எந்தக் கணக்கில் செதுக்கப்பட்டவை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே ஒரு கோடு நகர்த்திவிட்டு மறுபடி அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸாஸ்ட்டுக்கும் இதே முறைதான். மையம் மேலுச்சத்துக்கு முன்னால் எண்ணப்படும் என்பது மட்டும் வேறுபாடு. திறக்கும் சரிவும் மூடும் சரிவும் வேறாக உள்ள லோபுகளில் இந்த மையக் கணக்கு சற்றுத் தவறும். அப்போது அட்டையிலுள்ள 1 மி.மீ. திறப்பு, மூடல் டிகிரிகளோடு நேரடியாக ஒப்பிடுவதே சரி. சுற்றும்போது இலக்கைத் தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். பெல்ட்டின் தளர்வு அளவுக்குள் புகுந்துவிடும். நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள்.

வீல் மாட்டியிருக்கும்போதே பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். முழு லிஃப்டில் பிஸ்டன் எங்கோ கீழே இருக்கும், அங்கே ஆபத்தில்லை. இன்டேக் வால்வு பிஸ்டனை மிக நெருங்குவது மேலுச்சத்தைக் கடந்து சுமார் 10 டிகிரியில். எக்ஸாஸ்ட் வால்வு, மேலுச்சத்துக்குச் சுமார் 10 டிகிரி முன்னால். ஓவர்லாப் நடக்கும் மேலுச்சத்துக்கு இருபுறமும் 20 டிகிரி வரை, இரண்டு இரண்டு டிகிரியாக நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் வால்வை விரலால் பிஸ்டன் தொடும்வரை அமுக்கிக் கேஜைப் படியுங்கள். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. குறைந்தபட்சம் என்பது பொதுவாக எல்லோரும் பின்பற்றும் எல்லை. எக்ஸாஸ்ட்டுக்குக் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: அங்கே பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டே மூடும் வால்வைத் துரத்துகிறது, ஸ்பிரிங் ஒரு கணம் தடுமாறினாலும் எட்டிப் பிடித்துவிடும், தவிர எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் அதிகம் நீளும். இன்டேக்கை முன்தள்ளினாலும் எக்ஸாஸ்ட்டைப் பின்தள்ளினாலும் இந்த இடைவெளி குறையும். பின்னாளில், எஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோவில் கியரைத் திருப்புவதாக இருந்தால், எந்த எல்லைவரை திருப்பலாம் என்பதை இப்போதே அளந்து கியரின் மேல் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். டைனோவில் நிற்பவர் உங்கள் பிஸ்டனைப் பார்த்தவர் அல்ல.

இந்தத் தலைமுறை எஞ்சினில் இன்னொரு விஷயமும் விட்டுப்போகக் கூடாது. எவோ 1 முதல் 3 வரை, கிராங்கின் நிலையைச் சொல்லும் சென்சாரும் கேமின் முனையிலேயே இருக்கிறது. சென்சார் பூட்டியிருக்கும் கேமின் கியரைக் கேம் கணக்கில் 2 டிகிரி முன்தள்ளினால், இக்னிஷனும் கிராங்க் கணக்கில் 4 டிகிரி முன்னேறிவிடும், கணினிக்கு அது தெரியவே தெரியாது. பூஸ்ட்டில் 4 டிகிரி என்பது பிஸ்டனின் வளையப் பள்ளங்களுக்கு இடையிலுள்ள விளிம்பை உடைக்கப் போதுமானது. ஆகவே கியரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் டைமிங் லைட் பிடித்து, அடிப்படை டைமிங்கை மேலுச்சத்துக்கு 5 டிகிரி முன்னால் இருக்குமாறு சென்சாரைத் திருப்பி அமைக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றிக் கையால் இரண்டு முழுச் சுற்று. பிறகு எரிபொருளைத் துண்டித்து ஸ்டார்ட்டரால் சுற்றி எண்ணெய் அழுத்தம் வரவிடுங்கள். கம்ப்ரஷன் கேஜில் பழைய கேமைவிடக் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் அப்படித்தான் காட்டும்; நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதையே பாருங்கள். ஓடத் தொடங்கியதும் டேப்பட் சத்தம் சில நிமிடம் கேட்கலாம். ஐடிலில் வாக்குவம் குறையும். அது எவ்வளவு குறையும் என்பது ஓவர்லாப்பைப் பொறுத்தது. இந்த எஞ்சினின் கார்மன் வகைக் காற்றளவிக்கு, குழாயில் முன்னும் பின்னும் ஆடும் காற்று பிடிக்காது, ஐடில் வேகம் தள்ளாடும். பிரேக்குக்கு உதவுவதும் அந்த வாக்குவம்தான் என்பதால், பிரேக் பெடல் கடினமாகிறதா என்பதை வண்டியை வெளியே எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கணினியிலுள்ள பழைய மேப்பை (எரிபொருள், இக்னிஷன் அட்டவணையை) வைத்துக்கொண்டு முழு பூஸ்ட்டில் ஓட்டிவிடாதீர்கள். பூஸ்ட் கேஜ் பழைய எண்ணையே காட்டினாலும் மேல் வேகத்தில் எஞ்சின் விழுங்கும் காற்று கூடியிருக்கலாம். இன்ஜெக்டர்கள் ஏற்கெனவே எல்லையில் இருந்தால் கலவை மெலிந்துபோகும். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்ட்டில் மட்டும், அகலப்பட்டை ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக்கொண்டே மேப் செய்பவரின் பட்டறை வரை ஓட்டிச் செல்லுங்கள். அளந்து எழுதிய லோப் மையங்கள், இடைவெளிகள், கியரில் போட்ட எல்லைக் கோடுகள் அடங்கிய தாளையும் அவரிடம் கொடுங்கள். கியரில் எந்தப் பக்கம் எவ்வளவு போகலாம் என்று அவர் முதலில் கேட்பது அதைத்தான்.